ஜூனில் ஸ்கூபா: எங்கள் இரண்டு பேருக்கும் எந்தக் கடல் சரிவரும்?

நெய்தல்கொடி:
வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, கேள்வி கேட்பது இதுதான் முதல்முறை. நாங்கள் கோவை. நானும் கணவரும் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற அடிப்படை ஸ்கூபாப் பயிற்சி முடித்துவிட்டு, அப்புறம் முருடேஸ்வர் போய் நேத்ராணித் தீவில் கொஞ்சம் டைவ் அடித்தோம். லாக்புக் இன்னும் முக்கால்வாசி வெள்ளைத்தாள்தான்.

ஜூன் முதல் இரண்டு வாரம் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்திருக்கிறது. வேறு மாதம் முடியாது, அவர் கம்பெனியில் அதற்கப்புறம் தலை நிமிர முடியாத வேலை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், எனக்குக் குளிர் ஆகாது. ரிசார்ட்டில் காலை நீட்டிப் படுத்துக் கிடக்கிற ஆட்கள் இல்லை நாங்கள், மலை ஏறச் சொன்னாலும் ஏறுவோம், பைக்கில் சுற்றச் சொன்னாலும் சரி. இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று லட்சம் வரை போகலாம். நான் அந்தமான் என்கிறேன். அவர் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு மாலத்தீவில் லிவ்அபோர்டு, அதாவது படகிலேயே தங்கி டைவ் அடிப்பது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தண்ணீருக்குள் இறங்கும்போது அழுத்தத்துக்கு ஏற்ப அவருக்குக் காது சமன் ஆக நேரம் எடுக்கும். நான் இறங்கி மணலைத் தொட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தால் அவர் பாதிக் கயிற்றில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்.

நீலப்பித்தன்:
மாலத்தீவுதான், யோசிக்கவே வேண்டாம். சாகசம் என்று சொல்லிவிட்டு அந்தமானில் நீமோ பார்க்கப் போவீர்களா? படகிலேயே தூங்கி எழுந்து ஒரு நாளைக்கு மூன்று டைவ், சுறா, யானைத்திருக்கை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இன்னும் தெற்கே ஃபுவாமுலாவில் புலிச்சுறா வருடம் முழுக்க இருக்கிறது. விசாவும் அங்கே இறங்கியதும் இலவசம். ஜூனில் கூட்டம் குறைவு என்பதால் படகுக் கட்டணமும் இறங்கும். உங்கள் கணவர் சரியாகத்தான் சொல்கிறார்.

சீலாமீன்:
சகோதரி, இடத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் மாதத்தை வைத்து வெட்ட வேண்டியதை வெட்டிவிடலாம், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்தமானில் நான் சில சீசன் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே நல்ல காலம் அக்டோபரிலிருந்து மே வரை. மே 20 வாக்கில் தென்மேற்குப் பருவமழை வந்து உட்கார்ந்துவிடும். ஜூனில் டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற தூர இடங்களுக்குப் படகு எடுப்பதே சந்தேகம், ஸ்வராஜ் தீவுக்குப் போகிற ஃபெர்ரியே ரத்தாகும். போய் இறங்கி அறையில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். லட்சத்தீவும் அதே கதை. நேத்ராணி உங்களுக்கே தெரியும். தாய்லாந்தின் சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அரசே மூடிவைக்கிறது. தென்மேற்குக் காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கிற கடல் எதுவும் ஜூனில் வேண்டாம், அவ்வளவுதான்.

மிஞ்சுவது எது? இலங்கையின் கிழக்குக் கரை, மலேசியாவின் கிழக்குக் கரை, தாய்லாந்து வளைகுடாவில் கோ தாவ், இந்தோனேசியாவில் பாலியும் கொமோடோவும். மாலத்தீவு இரண்டுங்கெட்டான்: காற்றும் மழையும் உண்டு, ஆனால் டைவ் நிற்காது.

அடுத்தது உங்கள் வீட்டுக்காரரின் காது. என் கணக்கில் உங்கள் கேள்விக்கு முக்கால் பதில் அதில்தான் இருக்கிறது. மேல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. அது மறுபடி இரண்டு மடங்காக வேண்டுமென்றால் 30 மீட்டர் வரை போக வேண்டும். அதாவது காதுக்கு வேலை அதிகம் ஆழத்தில் இல்லை, முதல் சில மீட்டரில்தான். அங்கே அவருக்கு நேரம் கொடுக்கிற இடமாகப் பாருங்கள். மாலத்தீவில் பேர்போன டைவ் எல்லாம் பவளத்தீவு வளையத்தின் வாய்க்கால்களில். கடலிலிருந்து நீவாடு, அதாவது நீரோட்டம், உள்ளே பாயும்போது படகிலிருந்து குதித்து மேலே நிற்காமல் நேராகக் கீழே போய்விட வேண்டும், போய் ரீஃப் ஹுக்கைப் பாறையில் மாட்டிக்கொண்டு சுறாவைப் பார்க்க வேண்டும். காது அடைத்துக்கொண்டு மேலேயே தங்கினால் நீவாடு அவரை ஒரு பக்கம் கொண்டுபோகும், நீங்கள் கீழே வேறு பக்கம் இருப்பீர்கள். பிறகு டைவ் முடிந்தது, இருவருக்கும்.

நீலப்பித்தன்:
எல்லாருக்கும் வாய்க்கால் டைவ் கொடுக்கமாட்டார்கள் சீலாமீன், ஆளைப் பார்த்துத்தான் இறக்குவார்கள். பயமுறுத்தாதீர்கள்.

சீலாமீன்:
நல்ல படகென்றால் ஆளைப் பார்த்துத்தான் இறக்குவார்கள், உண்மை. அதனால்தான் பல லிவ்அபோர்டுகளில் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு சான்றும் 30, 50 டைவ் அனுபவமும் கேட்கிறார்கள். இவர்களிடம் இரண்டும் இல்லை. கேட்காமல் ஏற்றிக்கொள்கிற படகு என்றால் அதில் ஏறவே வேண்டாம். நான் கூட்டாளிகளோடு ஒரு தீவுக்குப் போனபோது, பெயர் வேண்டாம், டைவுக்கு முன் விளக்கம் என்று ஒன்றுமே சொல்லவில்லை. "நல்லா இருக்கும், குதிங்க" என்றார் கைடு. குதித்த பிறகுதான் தெரிந்தது, பாறையைப் பிடித்தால் கால் இரண்டும் கொடி மாதிரி பின்னால் பறக்கிற ஓட்டம். புதிதாகச் சான்று வாங்கிய ஒரு பையன் டேங்கில் பாதிக் காற்றைப் பத்தே நிமிடத்தில் குடித்துவிட்டான்.

இன்னொன்று, லிவ்அபோர்டில் ஒருவருக்குக் காது போனால் மிச்ச நாள் முழுக்க அவர் மேல்தளத்தில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கரையில் தங்கினால் ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொண்டு வேறு எங்காவது சுற்றலாம்.

கண்ணாடிக்காரி:
மாலத்தீவுதான் வேண்டும் என்று அவர் அடம் பிடித்தால் ஒரு நடுவழி உண்டு. படகும் வேண்டாம், சொகுசு ரிசார்ட்டும் வேண்டாம், உள்ளூர் மக்கள் வாழ்கிற தீவில் கெஸ்ட்ஹவுஸ். பா அட்டோலில் தரவந்தூ என்ற தீவு, அங்கேயே சின்ன விமான நிலையம் இருக்கிறது. பக்கத்தில்தான் ஹனிஃபாரு வளைகுடா. ஜூனிலிருந்து நவம்பர் வரை மிதவை உயிர்கள் அங்கே வந்து சேரும், அதைத் தின்ன யானைத்திருக்கைகள் கூட்டமாக வரும். உள்ளே டேங்க் போட்டு இறங்கத் தடை, ஸ்னார்கெல் மட்டும்தான். உங்கள் வீட்டுக்காரருக்குக் காது பிரச்சினையே இல்லாமல் பெரிய காட்சி! ஆனால் ஜூன் முதல் வாரம் என்பது அதன் தொடக்கம், வரலாம், வராமலும் போகலாம். உள்ளூர்த் தீவுகளில் மது கிடையாது, குறிப்பிட்ட கடற்கரை தவிர மற்ற இடத்தில் நீச்சல் உடையில் நடமாட முடியாது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

திருமலையான்:
ஜூனில் வாறதென்றால் எங்கட பக்கத்தை ஏன் ஒருத்தரும் விரிவாகச் சொல்லவில்லை? திருகோணமலைக்கு அதுதான் சரியான காலம். மேயிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கும், மேற்குக் கரை கொந்தளிக்கிற அதே நேரத்தில் இங்கே காலையில் கடல் அசையாமல் கிடக்கும். நிலாவெளியில் தங்கினால் புறாத்தீவு கண்ணுக்கு முன்னால். கருமுனைச் சுறாக்கள் இடுப்பளவுத் தண்ணீருக்கே வரும். தண்ணீரும் நல்ல சூடு, மெல்லிய வெட்சூட் உடையே போதும்.

எனக்குப் பிடித்தது கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலைக்குக் கீழே இறங்குவது. போர்த்துகீசர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்துக் கடலில் தள்ளினார்கள். 1950களில் இங்கே வந்து குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் அந்த இடத்தில் மூழ்கிப் பார்த்து, செதுக்கிய தூண்கள் கிடப்பதை வெளியுலகத்துக்குச் சொன்னார்கள். இன்றைக்கும் பாறைகளுக்கு இடையில் பார்க்கலாம். மேலே மணிச்சத்தம் கேட்ட கையோடு கீழே இறங்குகிற டைவ் வேறு எங்கே கிடைக்கும், சொல்லுங்கோ.

வடக்கிலிருந்து வர விருப்பமென்றால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கு. கொழும்பிலிருந்து என்றால் இரவு ரயில்.

சீலாமீன்:
திருமலையான் சொல்வது சரி, செலவும் குறைவு, பேச்சுவழக்கிலேயே வேலை முடியும். ஆனால் புறாத்தீவுப் பவளம் கூட்டத்தாலும் வெளுத்துப் போனதாலும் அடிவாங்கியிருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். கிழக்குக் கரையின் பெரிய சாகசம் என்றால் மட்டக்களப்புக்கு வெளியே கிடக்கும் ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். 50 மீட்டருக்கும் கீழே, டெக்னிக்கல் பயிற்சி இல்லாமல் கனவுகூடக் காணக்கூடாது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் எண்ணெய்க் கப்பல் இருபது சொச்சம் மீட்டரில் இருக்கிறது, அதற்கும் அட்வான்ஸ்டு வேண்டும். ஓப்பன் வாட்டர் சான்றுக்கு எல்லை 18 மீட்டர்.

திருமலையான்:
அட்வான்ஸ்டு இங்கேயே முடிக்கலாமே. பவளம் அடிவாங்கினது உண்மைதான், ஞாயிறுகளில் புறாத்தீவில் கால் வைக்க இடமிருக்காது. கிழமை நாளில், விடிய வரவேணும்.

வெட்டிப்பேச்சு:
எனக்கு ஒரு சந்தேகம். கணவர் மேலே, மனைவி கீழே, இடையில் பேசவும் முடியாது. இதற்கு ஏன் மூன்று லட்சம்? எங்கள் வீட்டில் இது இலவசமாகவே நடக்கிறது.

சிங்கை பாரை:
😄 வெட்டிப்பேச்சு வந்தாச்சு.

கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக வருவதென்றால் மலேசியாவின் தியோமான் தீவைப் பாருங்கள். இங்கிருந்து பஸ்ஸில் மெர்சிங், அங்கிருந்து ஃபெர்ரி. எங்களுக்கெல்லாம் வார இறுதிக்கு ஓடிப்போகிற இடம் அது, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தவிர. ஜூனில் தண்ணீர் 29, 30 டிகிரி. ரெங்கிஸ் என்று கரையோரம் ஒரு குட்டித் தீவு, ஆமையும் கருமுனைச் சுறாவும் அங்கேயே பார்த்துவிடலாம். ஆனால் நேர்மையாகச் சொன்னால் இரண்டு வாரத்துக்கு அது தாங்காது, நாலைந்து நாளில் அலுத்துவிடும். அதே மலேசியாவில் சிபடான் பேரைக் கேட்டிருப்பீர்கள், சீலாமீன்கள் சுழல்காற்று போலச் சுற்றுகிற இடம், அது உலகத்தரம், ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அனுமதிச்சீட்டு, அட்வான்ஸ்டு சான்றும் கேட்கிறார்கள். அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஓட்டு பாலி. ஆனால் குட்டாவில் பார்ட்டிக் கூட்டத்தோடு இல்லை, வடகிழக்கே துலாம்பென்.

சீலாமீன்:
நானும் அங்கேதான் வந்துகொண்டிருந்தேன், சிங்கை முந்திக்கொண்டார்.

துலாம்பெனில் லிபர்ட்டி என்று ஒரு அமெரிக்கச் சரக்குக் கப்பல், சுமார் 120 மீட்டர் நீளம். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோ அடித்தது. இழுத்துக்கொண்டு போகும் வழியில் தண்ணீர் ஏறியதால் இந்தக் கரையில் தட்டவிட்டார்கள். இருபது வருடம் மணலிலேயே கிடந்தது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கப்பல் நகர்ந்து கடலுக்குள் சாய்ந்தது. இப்போது மேல்பகுதி 5 மீட்டரில், அடிப்பகுதி 30 மீட்டருக்குப் பக்கத்தில். பெரும்பகுதியை உங்கள் 18 மீட்டர் சான்றுக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

இதில் உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன லாபம் என்றால், படகே தேவையில்லை. கரையிலிருந்து நடந்து இறங்குவது. சரிவான தரை. ஒரு மீட்டர் போய் நின்று, காதைச் சமன்செய்து, இன்னும் ஒரு மீட்டர் போய் நின்று என்று அவர் இஷ்டத்துக்கு இறங்கலாம், நீங்கள் பக்கத்திலேயே நீந்தலாம். அண்ணாந்து பார்க்கிற வேலை இல்லை.

நுழைகிற இடம் மட்டும் கொஞ்சம் கஷ்டம். மணல் இல்லை, கரிய உருண்டைக் கற்கள், ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன், அலை திரும்பும்போது காலுக்கடியில் கடகடவென்று உருளும். கெட்டி அடிப்பாகம் வைத்த பூட்டீஸ் காலணி கட்டாயம், வெறுங்காலோடு மாட்டுகிற ஃபின் துடுப்பு அங்கே உதவாது. அதே கல்மேல் ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து டேங்கைத் தூக்கிக்கொண்டு செருப்புக் காலோடு விறுவிறுவென்று நடப்பார்கள், நாம் வெறும் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவோம்.

ஒரே ஒரு விதி: துலாம்பெனிலேயே தங்குங்கள். தென்பாலியிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் காலை ஒன்பது மணிக்கு மேல் வந்து இறங்குவார்கள், பிறகு கப்பலில் மீனைவிடக் குமிழிதான் அதிகம். ஆறு மணிக்கே தண்ணீரில் இருந்தால் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் கூட்டம் ராத்தங்கிவிட்டுக் கலைகிற நேரம். ஒரு மீட்டருக்கு மேல்கூட வளரும், வாயில் பல் வரிசை வெளியே தெரியும், பவளத்தைக் கடிக்கிற சத்தம் நமக்கே கேட்கும்.

நீலப்பித்தன்:
சரி, லிபர்ட்டி நல்ல கப்பல்தான், நானும் போயிருக்கிறேன். ஆனால் சாகசம் எங்கே? அப்படியே பாலிக்குப் பக்கத்துத் தீவான நூசா பெனிடா போய் மோலா என்கிற பெரிய சூரியமீன் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்காரி:
நீலப்பித்தன், அந்த அம்மா குளிர் ஆகாது என்று முதல் பதிவிலேயே சொன்னார். பெனிடாவில் மோலா வருவதே ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறுகிற காலத்தில், ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. 20 டிகிரிக்கும் கீழே போகும், பல் தந்தி அடிக்கும். அங்கே கிரிஸ்டல் பேயில் கீழ்நோக்கி இழுக்கிற ஓட்டம் வேறு. ஜூனில் போய் அதில் என்ன கிடைக்கும்? துலாம்பெனில் 27, 28 இருக்கும். குளிர் தாங்காதவர் 5 மில்லிமீட்டர் வெட்சூட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம், ஒரு நாளைக்கு மூன்று டைவ் என்றால் 28 டிகிரியும் குளிரும்.

சாகசம் வேண்டுமென்றால் அங்கேயே ராத்திரி டைவ் இருக்கிறது. அதே கப்பல், டார்ச் வெளிச்சத்தில், வேறு உலகம். அட்வான்ஸ்டு பயிற்சியையும் அங்கேயே முடித்துவிட்டால் கடைசி இரண்டு நாள் கப்பலின் ஆழமான பக்கத்தையும் பார்க்கலாம்.

நெய்தல்கொடி:
இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. இழை முழுக்க அவரிடம் படித்துக் காட்டினேன். அந்த வாய்க்கால் டைவ் பத்தி வந்ததும் போனை வாங்கி அவரே இரண்டாம் முறை படித்தார். லிவ்அபோர்டு இப்போதைக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். திருகோணமலைக்கும் துலாம்பெனுக்கும் நடுவில் நின்றோம். கப்பல்தான் ஜெயித்தது. திருமலையான் அண்ணா கோபித்துக்கொள்ளக்கூடாது, கோணேசரைப் பார்க்க அத்தை மாமாவோடு தனியாக வருகிறோம்.

இரண்டு கேள்வி. எனக்கு மூன்றரை பவர் கண்ணாடி, புதுச்சேரியில் லென்ஸ் போட்டுக்கொண்டு சமாளித்தேன். அப்புறம் தாலிச் சங்கிலி. கழற்ற மனம் வரவில்லை, அத்தைக்குத் தெரிந்தால் இன்னும் மோசம்.

கண்ணாடிக்காரி:
இரண்டும் என் துறை! பவர் கண்ணாடி பதித்த மாஸ்க் ரெடிமேடாகவே கிடைக்கிறது, அரை அரை பவராக வரும், சென்னையிலும் வாங்கலாம், உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று மூக்கால் உறிஞ்சிப் பார்த்து வாங்குங்கள். தண்ணீருக்குள் எல்லாம் கொஞ்சம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும் என்பதால் பவர் அரை குறைந்தாலும் ஓடும். சிலிண்டர் பவர் அதிகம் என்றால் மட்டும் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும்.

தாலிக்கு நான் செய்தது: சங்கிலியை அம்மா வீட்டு லாக்கரில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றுக்கு மாறினேன், வெட்சூட்டுக்குள்ளே போய்விடும், எதிலும் மாட்டாது. மின்னுகிற நகை எதையும் வெளியே தெரியும்படி போடாதீர்கள், மோதிரம் உட்பட. தண்ணீரில் விரல் சுருங்கும், நழுவினால் போனதுதான்.

சிங்கை பாரை:
விசா: பாலியில் இறங்கியதும் வாங்கலாம், 5 லட்சம் ரூப்பியா, 30 நாள். அதற்கு மேல் 2024இலிருந்து சுற்றுலா வரி ஒன்றரை லட்சம் ரூப்பியா. தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம், நம்ம ரூபாய் இல்லை அது. இரண்டையும் ஆன்லைனிலேயே கட்டிவிட்டால் வரிசை மிச்சம். விமான நிலையத்திலிருந்து துலாம்பெனுக்குக் காரில் மூன்று மணி நேரம்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது சாதாரணப் பயண பாலிசியில் ஸ்கூபா சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பலதில் சேராது. டைவால் உடம்புக்கு ஏதாவது ஆனால் தேவைப்படும் அழுத்த அறைச் சிகிச்சைக்கு ஆகும் செலவைக் கையிலிருந்து கொடுக்க நம்மால் ஆகாது.

நெய்தல்கொடி:
டிக்கெட் போட்டாச்சு! திட்டம் இப்படி: முதலில் நேராகத் துலாம்பென், டைவ், அட்வான்ஸ்டு பயிற்சி. கடைசி நாள் காலையில் ஒரு டைவ் அடித்துவிட்டு மதியம் கிளம்பி மலைப்பக்கம் தங்கல், நள்ளிரவில் எழுந்து பதூர் எரிமலை ஏறி சூரிய உதயம், அன்று மாலையே விமானம். எப்படி?

சீலாமீன்:
அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். தயவுசெய்து.

பதூர் உச்சி 1,717 மீட்டர். டைவ் முடிந்த பிறகு உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழி கட்டும், விமானத்தில் ஏறினாலும் மலையில் ஏறினாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. பல நாள் தொடர்ந்து டைவ் அடித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விட்டுத்தான் பறக்க வேண்டும் என்பது டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் என்ற டைவ் பாதுகாப்பு அமைப்பு சொல்கிற கணக்கு. நான் என் ஆட்களை 24 மணி நேரம் தரையில் உட்காரவைப்பேன். நீங்கள் காலையில் தண்ணீரில் இருந்துவிட்டு மறுநாள் விடியற்காலை எரிமலை உச்சியில் நிற்கப் பார்க்கிறீர்கள், அதுவும் மூச்சு வாங்க ஏறி.

இறங்கியதும் முதலில் பதூர். கால்வலி தீர ஒரு நாள். பிறகு துலாம்பென். கடைசி நாள் தண்ணீர்ப் பக்கமே போகாமல் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு கரையோரமாக அமெட் போங்கள், அங்கே இன்னும் கையால் கடல் உப்பு எடுக்கிறார்கள், எங்கள் தூத்துக்குடி உப்பளம் அளவுக்கு இல்லை, இருந்தாலும் பார்க்க நன்றாக இருக்கும். பெசாகி கோயிலுக்கு அன்றைக்குப் போகலாம் என்று டிரைவர் ஆசைகாட்டுவார். அதுவும் ஆகுங் மலைச்சரிவில் ஏறக்குறைய 1,000 மீட்டரில் இருக்கிறது, அதையும் முதல் நாட்களிலேயே முடித்துவிடுங்கள்.

காதுக்கு: போகும் முன் இ.என்.டி. டாக்டரிடம் ஒரு தடவை காட்டட்டும். காலையில் எழுந்ததிலிருந்தே எச்சில் விழுங்கி விழுங்கிப் பழகட்டும். இறங்கும்போது வலி வருவதற்கு முன்னாலேயே சமன்செய்ய வேண்டும், வந்தபிறகு மூக்கைப் பிடித்து முக்கக்கூடாது. அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி. சளி இருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிற வேலை வேண்டாம், கீழே இருக்கும்போது அதன் வேகம் தீர்ந்தால் ஏறும்போது காது பூட்டிக்கொள்ளும்.

வெட்டிப்பேச்சு:
நீச்சலே தெரியாத நான் இந்த இழையைப் படித்து முடித்ததும் மூன்று தடவை எச்சில் விழுங்கிவிட்டேன்.

நெய்தல்கொடி:
மாற்றியாகிவிட்டது சார். பதூர் இரண்டாம் நாள், பெசாகி மூன்றாம் நாள், கடைசி ஒன்றரை நாள் முழுக்கக் காய்ந்த தரை. சனிக்கிழமை காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம்.

கண்ணாடிக்காரி:
அப்படியே டைவ் மெடிக்கல் படிவத்தையும் இறக்கி அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். கேள்விப் பட்டியலில் காது, சைனஸ் பற்றி ஒரு "ஆம்" விழுந்தாலும் அங்கே டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறக்கமாட்டார்கள், துலாம்பெனில் போய் டாக்டரைத் தேடினால் ஒரு நாள் அதிலேயே போய்விடும்.